முகம் தெரியாதவளுக்கு அத்தை எழுதிய பதில்

அத்தை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து போனில் பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. போனை இடது கையில் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பக்கத்தில் டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. கிடர்பூரிலிருந்து பஸ் மாறி, லாரி நெரிசலில் அலுத்து வீடு வந்த நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாருக்கு அத்தை இவ்ளோ பெரிசா எழுதறே?" என்று கேட்டேன். அத்தை நிமிரவில்லை. "ஒரு மூடத்துக்கு" என்றாள். அவள் வாயில் அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே கை கால் கழுவப் போனேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் குடும்பம் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரு கம்பெனி உத்தியோகத்துக்காகக் கல்கத்தா வந்து இங்கேயே தங்கிவிட்டது. அப்பா உருக்காலை வேலைக்கு துர்காபூர் போய்விட்டார். அத்தை வங்கியில் சேர்ந்து ஆபீசராக ஓய்வு பெற்றாள். நான் காலேஜுக்காகக் கல்கத்தா வந்தபோது லேக் கார்டன்ஸில் அவள் வீட்டில் இருந்து படித்தேன். பிறகு கிடர்பூரில் கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் ஆபீசில் வேலை கிடைத்தது. அப்போதும் அங்கேயே இருந்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் அது சரியாக இருந்தது.

வங்கியில் அவள் அதிக காலம் இருந்ததும் கிடர்பூர் கிளையில்தான். துறைமுகத்துப் பக்கத்து வங்கி என்றால் சும்மா இல்லை. லாரி முதலாளிகள், சரக்கு ஏற்றி இறக்கும் காண்ட்ராக்டர்கள், கடலுக்குப் போன புருஷனின் சம்பளம் ஏன் வரவில்லை என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் கத்திக்கொண்டுதான் வருவார்கள். என் ஆபீசில் இருந்த ஒரு பெரியவர் அத்தையை அந்தக் காலத்திலேயே அறிந்தவர். ஒரு தடவை காசோலை திரும்பி வந்த கோபத்தில் அவள் மேஜையைத் தட்டி வாய்க்கு வந்தபடி பேசினாராம். முழுவதையும் கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்ல உட்காருங்க. காலையில சாப்பிட்டீங்களா?" என்றாளாம். "அதுக்கப்புறம் உங்க அத்தைகிட்ட எனக்குக் கத்தவே வரலைம்மா" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். நான் இதைப் பற்றி அத்தையிடம் கேட்டபோது, "அவா யாரும் என்னைத் திட்டலைடி. அவாளோட அன்னிய பொழுதைத் திட்டறா. குறுக்க நான் உக்காந்துண்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றாள். வேலைக்குப் போன புதிதில், துறைமுகத்து ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதபடி வரும் நாட்களில், இந்தப் பேச்சு எனக்குப் பெரிய பிடிமானமாக இருந்தது. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. கண்ணெதிரே நின்று கத்திய எவராலும் கிளப்ப முடியாத ஒருத்தியை, எங்கே உட்கார்ந்திருக்கிறாள், இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்தி கிளப்பிவிட்டாள்.

எங்கள் கட்டிடத்தில் மாடிக்கு இரண்டு வீடு. எதிர் வீட்டில் பௌதி. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி; அத்தையைக் கட்டிடத்தில் எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்பார்கள். வயதுக்கு நான் வேறு மாதிரி கூப்பிட்டிருக்க வேண்டும். அத்தை கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவள் பௌதியாகிவிட்டாள். அவள் பாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாவாடை சட்டைப் பெண்கள் பத்துப் பேர் அவள் வீட்டு முன்னறையில் ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவள் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை திடீரென்று மூடப்பட்டு, வேறு வேலை அமையாமல், பல வருஷம் ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தே காலமானார். அந்த வருஷங்களில் குடும்பத்தை நடத்தியது அந்த ஆர்மோனியம்தான். அவர் இருந்தவரை யாராவது "அண்ணன் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டால் பௌதி பதில் சொல்வதற்குள் அத்தை பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். அவர் போன அன்று, பௌதியின் மகன் பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை பௌதியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவள் அத்தை. அத்தைக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தவள் பௌதி. இரண்டு பேரும் காலையில் லேக்கைச் சுற்றி நடப்பார்கள். பகலில் இரு வீட்டுக் கதவும் திறந்தே இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அத்தை இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தாள். தெற்குக் கல்கத்தாவின் பழைய படங்களையும் நினைவுகளையும் போடுகிற குழு. டாக்குரியா ரயில் கேட்டில் நின்ற கூட்டம், மழையில் முழங்கால் தண்ணீரில் போகும் டிராம், இடித்துவிட்ட சினிமா கொட்டகைகள் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அத்தை அதில் பிரபலம். எந்தக் கடை எந்த மூலையில் இருந்தது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பார்கள். அவள் எழுதும் வங்காளம் அத்தனை சுத்தமாக இருக்கும்.

அந்தக் குழுவில் ஒரு நாள் ஒரு படம் வந்தது. லேக் மார்க்கெட் பக்கத்து இட்லிக் கடை, வாசலில் மல்லிகைச் சரம் விற்கும் பெண்மணி, வேட்டி கட்டிய இரண்டு பெரியவர்கள். போட்டவள் தன் முகத்துக்குப் பதிலாகப் பவளமல்லிப் பூவை வைத்திருந்தாள். படத்துக்கு மேல் வங்காளத்தில் சில வரிகள். இவர்கள் வந்து நூறு வருஷமாகிறது, நம் ஊருக்குள் தங்களுக்கென்று ஒரு ஊர் கட்டிக்கொண்டார்கள், நம் சோற்றைத்தான் தின்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி: "இவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் எந்த மொழியில் அழுகிறார்கள் என்று யாராவது கவனித்திருக்கிறீர்களா?"

அத்தை பதில் எழுதினாள். மரியாதையான, அழகான பதில். "என் அப்பா இறந்தபோது தமிழில் அழுதேன். என் தோழியின் கணவர் இறந்தபோது வங்காளத்தில் அழுதேன். இரண்டு தடவையும் தொண்டை ஒரே மாதிரிதான் வலித்தது." எத்தனையோ பேர் அதைப் பாராட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பவளமல்லி உடனே எழுதினாள்: "எவ்வளவு அழகாக எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்! விருந்தாளிகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்."

விருந்தாளி என்ற அந்தச் சொல் அத்தைக்குள் முள்ளாகப் போய்விட்டது. நான் ஆபீசிலிருந்து வந்து பார்த்த சாயங்காலம் அதற்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்குப் பின் நாள் தவறாமல் நடந்தது. அத்தை ஒரு பத்தி எழுதுவாள். அவள் ஒரு வரி எழுதுவாள். அந்த ஒரு வரிக்கு அத்தை மறுநாள் இரண்டு பத்தி. நடுவில் முகம் தெரியாத பலர் புகுந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்தினார்கள். காலை நடை நின்றது. "கால் வலிக்கிறது" என்று பௌதியிடம் என்னைச் சொல்லச் சொன்னாள். கூட்டில் உப்புப் போட மறந்தாள். "அந்தப் பொண்ணை பிளாக் பண்ணிடேன் அத்தை" என்றேன். "பேசாம இருந்தா ஒத்துண்ட மாதிரி ஆயிடும்டி. விருந்தாளின்னு ஒத்துண்ட மாதிரி" என்றாள். "யார்னே தெரியாது, அவ ஒத்துண்டா என்ன, ஒத்துக்காட்டா என்ன?" என்று கேட்டேன். "நீ துர்காபூர்ல காலனிக்குள்ள வளர்ந்தவ. நோக்குத் தெரியாது" என்று முடித்துவிட்டாள்.

அத்தை எவ்வளவு சீண்டினாலும் மரியாதை தவறாமல் எழுதுவதைப் பவளமல்லி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் போலிருக்கிறது. ஒரு மத்தியானம் இப்படி எழுதினாள்: "ஒரே ஒரு கேள்வி. இத்தனை வருஷத்தில் எங்களிடம் உங்களுக்குப் பிடிக்காதது ஒன்றுகூட இல்லையா? சொல்ல மாட்டீர்கள். சொல்லப் பயம். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பேர் வைத்திருக்கிறீர்கள்." மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரின் கோபத்தைப் பொறுத்துக்கொண்டவளுக்கு அந்தப் பொறுமை ஒன்றுதான் சொத்து. அதைப் பயம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். நான் ஆபீசில் இருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அத்தை எழுதித் தீர்த்துவிட்டாள்.

எதைத்தான் எழுதவில்லை! விந்தியத்துக்குக் கீழே இருக்கிற எல்லாரையும் மாத்ராஜி என்று ஒரே பேரால் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதினாள். இட்லி தோசை தவிர வேறு சாப்பிடுவீர்களா என்று இன்னும் கேட்கிறீர்கள் என்றாள். "என் எதிர் வீட்டுக்காரி இன்றைக்கும் வந்தவர்களிடம் என்னை 'எங்கள் மாத்ராஜி தீதி' என்றுதான் சொல்கிறாள். எனக்குப் பேர் இருப்பது அவள் ஞாபகத்தில் இல்லை." அதோடும் நிற்கவில்லை. கடைசி வரியில், "கையில் வேலை இல்லாவிட்டாலும் வாயில் கருத்துக்கு மட்டும் குறைவில்லாத ஜனங்கள் நீங்கள். ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்து உலகத்தைத் திருத்துவீர்கள்" என்று எழுதியிருந்தாள்.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கடைசி வரிகளை மட்டும் யாரோ படமெடுத்துப் போட்டார்கள். அது சுற்றிச் சுற்றி மறுநாள் காலை எங்கள் கட்டிடத்துக்காரர்கள் செய்தி அனுப்பிக்கொள்ளும் குழுவுக்கே வந்து சேர்ந்தது. மேலே அத்தையின் பெயரும் படமும். கீழ்த்தளத்து ஆள் ஒருவர், "இது நம் தீதி தானே?" என்று ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். வேறு யாரும் எதுவும் எழுதவில்லை. ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்பது தெரிந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது அத்தை எங்கள் வாசற்படியில் நின்று எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பௌதியின் கதவு பகலில் சாத்தியிருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினாள். பௌதி திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவர்கள் பேசியது வங்காளத்தில். எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் சொல்கிறேன்.

"அதை நீதான் எழுதினியா?"

"நான்தான். ஆனா உனக்கு எழுதலை பௌதி."

"அப்போ யாருக்கு எழுதினே?"

"அந்தக் குழுவுல ஒருத்தி இருக்கா, அவளுக்கு."

"யார் அவ? உனக்குத் தெரிஞ்சவளா?"

"இல்லை."

"பேர் சொல்லி அறிமுகப்படுத்தலைன்னு உனக்கு இவ்வளவு வருத்தம். தினம் என்கூட லேக்கைச் சுத்தி நடந்தியே, ஒரு நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. எனக்குச் சொல்லாததைப் போய் முகம் தெரியாத ஒருத்திகிட்ட சொன்னியா? அவரைப் பத்திக்கூடவா?" பௌதியின் குரல் ஏறவே இல்லை. "போய்ட்டு வா. அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகுதான் எனக்கு அந்தப் பவளமல்லி யார் என்று பார்க்கத் தோன்றியது. முதலிலேயே பார்த்திருக்கலாம். இத்தனைக்கும் எனக்குச் சோறு போடும் வேலையே, வருகிற சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் அனுப்பினார்கள் என்று பார்ப்பதுதான். ஆபீசில் சாப்பாட்டு வேளையில் டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து தேடினேன். அதிக நேரம் பிடிக்கவில்லை. "எந்த மொழியில் அழுகிறார்கள்?" என்ற அதே கேள்வி, வேறொரு ஊரின் குழுவில், அங்கே குடியேறிய வங்காளிகளைப் பற்றி. இன்னோர் ஊரில் மலையாளிகளைப் பற்றி. இன்னொன்றில் பீகாரிகளைப் பற்றி. நூறு வருஷம், ஊருக்குள் ஊர், நம் சோறு, எல்லாம் அச்சடித்த மாதிரி அப்படியே. ஊர் பெயரும் படமும் மட்டும் மாறியிருந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் அத்தை மாதிரி யாரோ ஒருவர் மரியாதையாக, நீளமாக, சொந்தக் கதையைச் சொல்லிப் பதில் எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் அதே ஒரு வரி: "எவ்வளவு அழகாக எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்! விருந்தாளிகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்." அந்த வரியைப் போட்டவளின் முகத்துக்குப் பதிலாக ஓர் இடத்தில் செம்பருத்தி, ஓர் இடத்தில் தாமரை. அது ஆளா, பலர் சேர்ந்த கூட்டமா, வெறும் இயந்திரமா என்று எனக்கு இன்றும் தெரியாது. கூட்டம் சேர்ப்பது ஒன்றுதான் அதன் வேலை என்பது மட்டும் புரிந்தது. தமிழில் ஒரு பக்கம் இருந்தது. அதில் அத்தையின் அதே வரிகள், தமிழில் பெயர்த்து, "கல்கத்தா தமிழச்சியின் சவுக்கடி பதில்!" என்று தலைப்பிட்டு. கீழே ஆயிரக்கணக்கான பேர் கைதட்டியிருந்தார்கள். அங்கே ஒருவர் வங்காளிகளைப் பற்றி எழுதியிருந்ததை என்னால் முழுவதும் படிக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாக அத்தையிடம் காட்டினேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். பார், உன்னை யாரும் விருந்தாளி என்று நினைக்கவில்லை, இது எல்லாருக்கும் வீசுகிற வலை என்று சொன்னேன். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அந்த 'எவ்வளவு அழகாக' வரியை ஒவ்வொரு ஊராகத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்குன்னு கூட எழுதலையாடி அவ?" என்றாள்.

ஒரு எதிரியாவது இருந்திருந்தால் அத்தைக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளை அறிந்து, அவள் எழுதியதைப் படித்து, அவளை வெறுக்கிற ஒருத்தி. அப்படி யாருமே இல்லை. சொல்லிச் சொல்லிப் பழக்கப்பட்ட ஒரு வரியை எங்கோ யாரோ ஒட்டிவிட்டுப் போயிருக்க, இங்கே ஒருத்தி ராப்பகலாக அதற்குப் பதில் தேடி, தன் வாழ்க்கையையே அள்ளிக் கொட்டியிருக்கிறாள். "கவுண்டருக்கு அந்தாண்டை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்" என்றாள். "கண்ணைப் பார்த்தா தெரியும், இவன் நிஜமா கோவத்துல இருக்கான், இவன் காரியம் ஆகணும்னு கத்தறான்னு. இதுல கண்ணே இல்லையே." சொல்லிவிட்டு எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாளே பௌதியிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினாள். இந்தத் தடவை பௌதி உள்ளே உட்காரச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு பொய்யா இருக்கலாம். நீ எழுதினது பொய் இல்லையே, உன் மனசுல இருந்ததுதானே?" என்றாள். அத்தை திரும்பி வந்து என்னிடம் இதைச் சொன்னபோது, இது என்ன நியாயம் என்று எனக்கு பௌதி மேல்கூடக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அத்தை அந்தக் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நான் வேண்டாம் என்றேன். எனக்குத் தெரியும், அது என்ன ஆகும் என்று. "நாடகம்", "பயந்துட்டா பார்" என்று ஒரு பக்கம். தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், "காலில் விழுந்துவிட்டாயே" என்று இன்னொரு பக்கம். பவளமல்லியும் வந்தாள். சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு, "விருந்தாளிக்கு மரியாதை ஞாபகம் வந்துவிட்டதா?" என்று கேட்டிருந்தாள். அத்தைக்கு எல்லாம் தெரியும். அது யாருமில்லை என்று தெரியும். எல்லா ஊரிலும் இதே விளையாட்டு என்று தன் விரலாலேயே தொட்டுப் பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால், மறுபடி அதே மேஜை, அதே ஆள்காட்டி விரல், அசைகிற உதடு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். "பைத்தியமா நீ? எல்லாத்தையும் காட்டினேனே! யாருக்கு எழுதறே? சுவத்துக்கா?" என்று கத்தினேன். அத்தையிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. போன் இருந்த அவள் கை விரிந்தபடியே மேஜை மேல் கிடந்தது. "தெரியறது" என்றாள். "தெரிஞ்சும் கை போறதுடி. நான் என்ன பண்ணட்டும்?" அவ்வளவு தெளிவான பெண் அவ்வளவு நிராதரவாகச் சொல்லிக் கேட்டபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளே போனிலிருந்து அந்தக் குழுவை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தேன்.

துர்கா பூஜோ வந்தது. எங்கள் பேட்டைப் பந்தலில் அஷ்டமி மத்தியானம் கிச்சடியும் பாயசமும் போடும்போது வரிசையை ஒழுங்கு பண்ணுவது எப்போதும் அத்தைதான். அவள் குரலுக்குக் கூட்டம் அடங்கும். அந்த வருஷம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து டீ குடித்துவிட்டு, "தீதி, இந்தத் தடவை நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்களேன்" என்றார்கள். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அத்தையும் மரியாதையாகத் தலையசைத்தாள். அஷ்டமியன்று ஜன்னல் வழியாக டாக்கு மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் வீட்டில் எலுமிச்சம்பழ சாதம் சாப்பிட்டோம். பௌதி மகனோடு பெங்களூர் போயிருந்தாள், முழங்கால் ஆபரேஷனுக்கு. போவதை எங்களிடம் சொல்லவில்லை. லிப்டில் பெட்டி ஏறுகிற சத்தத்தில்தான் தெரிந்தது.

சில மாதம் கழித்து அந்தக் குழுவே காணாமல் போனது. பெயரை மாற்றி அதில் இப்போது தலைமுடி எண்ணெய் விற்கிறார்கள். பழைய படங்கள், டிராம், ரயில் கேட், அத்தையின் நல்ல பதில், கெட்ட பதில், மன்னிப்பு எல்லாம் போய்விட்டன. அந்தக் கடைசி வரிகளை எடுத்த படம் மட்டும் போகவில்லை. மேலே இருந்த பெயரும் முகமும் வெட்டுப்பட்டு, அது இன்னும் எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம்கூட துர்காபூரிலிருந்து ஒரு உறவுக்காரர், விஷயம் தெரியாமல், "நம்மவா ஒருத்தி எப்படிக் கொடுத்திருக்கா பாரு!" என்று எனக்கே அனுப்பினார்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்றுவரை ஆகவில்லை. ஆனால் பௌதி பெங்களூரிலிருந்து வந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

குளிர்காலம். ஒரு காலை, காய்கறிப் பையோடு நானும் அத்தையும் மாடி ஏறி வந்தோம். பௌதி தன் வாசலில் யாரோ உறவுக்காரப் பெண்மணியை வழியனுப்பிக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் அத்தையைப் பார்த்து, யார் என்பதுபோல் பௌதியைப் பார்த்தாள். பௌதி அறிமுகம் செய்தாள். அத்தையின் முழுப் பெயரை, தாத்தா பெயரின் முதலெழுத்தோடு, ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள். இந்த ஊரில் யாருக்கும் அந்த இனிஷியல் ஒழுங்காக வந்து நான் கேட்டதில்லை. "இவங்க எதிர் வீட்டுல இருக்காங்க" என்றாள். பிறகு அத்தையிடம் திரும்பி, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். வங்காளத்தில் நெருங்கியவர்களுக்கு 'துமி' என்று ஒன்று உண்டு, மரியாதைக்கு 'ஆப்னி' என்று ஒன்று உண்டு. இவர்களுக்குள் எப்போதும் துமிதான். அன்று ஆப்னி.

"நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே வந்தாள். பையை மேஜையில் வைத்தாள். செருப்பைக் கழற்றவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பிப் போய் எதிர் வீட்டு மணியை அழுத்தினாள். விரலை எடுக்கவே இல்லை.

"என்னது, நீங்க?" கதவு திறந்ததும் அத்தை கேட்ட குரல் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போலேர்ந்து நான் உனக்கு நீங்க?"

"பேர் சொல்லலைன்னு ஊருக்கே எழுதினியே! சொன்னா அதுவும் தப்பா?"

"தப்புதான்!"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் வாசற்படியில் நின்றுகொண்டு கத்தினார்கள். உன் ஆர்மோனியத்தால் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்கியதில்லை என்றாள் அத்தை. நீ மிளகாய் தாளிக்கிற நெடியில் என்னிடம் பாட வரும் பிள்ளைகள் இருமிக்கொண்டே பாடினார்கள், நான் ஒரு வார்த்தை சொன்னேனா என்றாள் பௌதி. ஆபரேஷனுக்குப் போனவள் என்னிடம் சொல்லாமல் போனாயே என்றாள் அத்தை. எந்த மூஞ்சியோடு சொல்வது என்றாள் பௌதி. அப்புறம் பௌதியின் குரல் உடைந்தது.

"அவர் வேலை போனப்போ நான் பட்டது உனக்குத் தெரியும். இந்தக் கட்டிடத்துல உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சும் எழுதினியே."

"எழுதறப்போ உன் ஞாபகமே வரலை பௌதி" என்றாள் அத்தை. "அவர் ஞாபகமும் வரலை. அந்தச் சனியன்தான் கண்ணு முன்னால நின்னுது. நிஜமாச் சொல்றேன், நீ எனக்கு ஞாபகமே வரலை."

"அதைத்தான் என்னால தாங்க முடியலை."

"என்னாலயும்தான்!"

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பௌதி மூக்கைச் சிந்திக்கொண்டு, தண்ணீர் மோட்டார் போடுகிற விஷயத்தில் அத்தை எப்போதும் செய்கிற அழிச்சாட்டியத்தைப் பற்றி ஆரம்பித்தாள். அத்தை விடவில்லை. மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. கீழே கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. மானம் போகிறதே என்று எங்கள் கதவைச் சாத்தப் போனேன். சாத்த மனசு வரவில்லை.

கீழ்த்தளத்து ஆள் பாதிப் படி ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "என்ன ஆச்சு? என்ன நடக்குது மேலே?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லை" என்றேன். "பேசிக்கிட்டு இருக்காங்க."